ராட்சதன் நடந்தால் பாலம் தாங்குமா?
வாசகர் கேள்வி – பதில்

கற்பனை உலக ரோல்பிளேயிங் ஆட்டங்களை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக விளையாடும் ஆட்டங்கள்) நடத்துபவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைத் தொட்டிருந்தன: ஆட்டத்தில் வரும் அரக்க உயிர்களுக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு எடை வைப்பது? எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எல்லாக் கணக்குகளிலும் 6 அடி உயரமும் 80 கிலோ எடையும் உள்ள மனிதனையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஆட்டப் புத்தகங்கள் பவுண்டில் தரும் எடைகளைக் கிலோவுக்கு மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரி விடுதியில் நண்பர்கள் ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். சென்ற வாரம் ஓகர் ஒன்று அவர்களை ஒரு மரப்பாலத்தின் மீது துரத்தி வந்தபோது, "இந்தப் பாலம் அதைத் தாங்குமா?" என்று கேட்டார்கள். தாங்கும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அப்படிச் சொன்னதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. எடையைத் தீர்மானிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?
— வாசகர், திருச்சி

பதில்: எண்ணிலிருந்து தொடங்காதீர்கள், நீங்கள் நேரில் பார்த்திருக்கிற, அல்லது எடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு விலங்கிலிருந்து தொடங்குங்கள். ஓகர் என்பது இரண்டு காலில் நிற்கும் பெரிய மனித உரு என்பதால் அதற்கு அளவுகோல் மனிதனே. ஓநாய் வடிவத்தில் ஒன்றைப் படைக்கிறீர்கள் என்றால் நாயிலிருந்தும், கொம்பும் குளம்பும் உள்ளதென்றால் காட்டெருமையிலிருந்தும் தொடங்கலாம். அதன் பிறகு செய்ய வேண்டியது ஒரே ஒரு கணக்குதான். உருவம் மாறாமல் உயரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, அந்த எண்ணை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கினால் எடை எத்தனை மடங்கு கூடும் என்பது கிடைத்துவிடும். உயரம் இரண்டு மடங்கானால் அகலமும் பருமனும் கூடவே இரண்டு மடங்காகும் என்பதால், எடை எட்டு மடங்காகிவிடுகிறது.

2003 இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்புப் புத்தகத்தில் ஓகரின் உயரம் 9 முதல் 10 அடி, எடை 270 முதல் 295 கிலோ. நம் கணக்குப்படி 9 அடி உயரத்துக்கு 80 கிலோவை ஒன்றரையால் மூன்று முறை பெருக்கினால் சரியாக 270 கிலோ வருகிறது. எனவே உங்கள் ஓகரின் எடை கிட்டத்தட்ட மூன்றரை மனிதர்களின் எடை. கவசம் அணிந்த நான்கு வீரர்கள் நெருக்கமாக நடந்துபோனால் தாங்கும் பாலம் ஓகரையும் தாங்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நான்கு பேரின் எடை எட்டுப் பாதங்களாகப் பல பலகைகளின் மீது பரவியிருக்கும். ஓகர் ஓர் அடி எடுத்து வைக்கும்போதோ, அந்த 270 கிலோ முழுவதும் ஒரே பலகையின் மீது இறங்கும். பாலம் நிற்கும், ஆனால் உளுத்த பலகை ஒன்று உடைந்து ஓகரின் ஒரு கால் தொடைவரை இறங்கிவிடலாம். எடை தெரிந்திருந்தால் "தாங்கும்", "தாங்காது" என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே இப்படி ஒரு மூன்றாவது பதிலும் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆட்டக்காரர்கள் ஓடித் தப்புவதற்கும், திரும்பி நின்று தாக்குவதற்கும் அது இடம் கொடுக்கிறது.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு வாக்குவாதம். 18 அடி உயர ராட்சதன் மனிதனைப் போல் மூன்று மடங்கு என்பதால் எடை 240 கிலோ இருக்க வேண்டும் என்கிறார் நண்பர். புத்தகத்தில் அதைவிடப் பல மடங்கு போட்டிருக்கிறது. புத்தகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?
— வாசகி, சேலம்

பதில்: உங்கள் நண்பர் உயரத்தை மட்டும் பெருக்கியிருக்கிறார். மூன்று மடங்கு உயரம் என்றால் எடை 27 மடங்கு, அதாவது 2,160 கிலோ. 3.5 பதிப்பில் 18 அடி உயரமுள்ள மேக ராட்சதனுக்குத் தரப்பட்டிருக்கும் எடை 5,000 பவுண்டு, ஏறத்தாழ 2,270 கிலோ. இரண்டும் எவ்வளவு நெருங்கி வருகின்றன, பாருங்கள். 15 அடி உறைபனி ராட்சதனுக்குக் கணக்கு தருவது 1,250 கிலோ, புத்தகம் தருவது 1,270. 12 அடி கல் ராட்சதனுக்குக் கணக்கு 640, புத்தகம் 680. இந்த எண்களை எழுதியவர்கள் கணக்குப் போட்டே எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியிருக்க, அதே 12 அடி உயரமுள்ள நெருப்பு ராட்சதனின் எடை 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ என்று இருக்கிறது. கணக்கைப் போல் இது ஐந்து மடங்கு. அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிடுவதற்கு முன், அவனுடைய மார்புச் சுற்றளவு 9 அடி என்று அங்கேயே சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 40 அங்குல மார்புள்ள மனிதனை 12 அடிக்கு வளர்த்தால் மார்பு 80 அங்குலமாகும். 9 அடி என்பதோ 108 அங்குலம். ஆகவே அவன் மற்றவர்களைவிட 1.35 மடங்கு தடித்தவன். தடிமன் அகலத்திலும் ஆழத்திலும் கூடுவதால் 640 கிலோவை 1.35 ஆல் இரண்டு முறை பெருக்க, 1,170 கிலோ அளவில் வரும். மீதியை விளக்க வேண்டுமானால் அவன் சதை சாதாரணச் சதையைப் போல் 2.7 மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். 2.7 என்பது கருங்கல்லின் அடர்த்தி. இதைக் கணக்கிட்ட நாளிலிருந்து என் மேசையில் நெருப்பு ராட்சதர்கள் ஆற்றில் நீந்துவதில்லை. ஆற்றின் அடித்தரையில் நடந்துதான் அக்கரைக்குப் போகிறார்கள். புத்தகம் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அது தரும் எண்ணை உண்மை என்று எடுத்துக்கொண்டால் அதுவே நடக்கும்.

எடை கூடும் வேகத்தில் எலும்பின் வலு கூடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எலும்பின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. இதை 1638 இல் கலிலியோ ஓர் எலும்பையும் அதைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள எலும்பையும் வரைந்து காட்டி விளக்கினார். நீளமான எலும்பு அதே வேலையைச் செய்ய எவ்வளவு அகோரமாகத் தடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும். உங்கள் 18 அடி ராட்சதனின் எடை 27 மடங்கு. எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 9 மடங்கு மட்டுமே. ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் மூன்று மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். நம் எலும்பின் மீது விழும் அதே சுமைதான் அவன் எலும்பின் மீதும் விழ வேண்டும் என்றால், அவன் கால் எலும்பு நம் எலும்பைப் போல் 3 மடங்கு அல்ல, 5 மடங்குக்கும் மேல் தடித்திருக்க வேண்டும். யானையின் கால் தூண்போல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

பதிவுகளில் உள்ளவர்களில் மிக உயரமான மனிதர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் வாட்லோ. அவருடைய உயரம் 2.72 மீட்டர், அதாவது 8 அடி 11 அங்குலம். எடை 199 கிலோ. நம் கணக்குப்படி அந்த உயரத்துக்கு 260 கிலோவுக்கு மேல் வர வேண்டும். அவர் மெலிந்தவராக இருந்தும் நடப்பதற்குக் காலில் உலோகத் தாங்கிகள் தேவைப்பட்டன. அந்தத் தாங்கி உரசியதால் வந்த கொப்புளம் புரையோடி, 1940 இல் தமது 22 ஆவது வயதில் இறந்தார். ஒன்பது அடி உயரத்தைச் சுமக்க ஓர் உண்மையான உடல் பட்ட பாடு அது. உங்கள் ராட்சதனுக்கு உடல் அமைப்பை எழுதும்போது முழங்காலையும் பாதத்தையும் சற்று நேரம் நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: 5 ஆம் பதிப்பில் ஓர் உயிருக்கு இத்தனை அடிச் சதுரம் என்று மட்டும்தானே இருக்கிறது? அதுவே அதன் அளவு என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. அந்தச் சதுரம், சண்டையின்போது அந்த உயிர் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் இடம். மனிதனுக்கு 5 அடிச் சதுரம் தரப்பட்டிருக்கிறது; எந்த மனிதனும் 5 அடி அகலம் இல்லை. எடை வேண்டுமானால் 2000 இல் வந்த 3 ஆம் பதிப்பின் அளவுப் பட்டியல் உதவும். அங்கே நடுத்தர உயிர் 4 முதல் 8 அடி, 27 முதல் 227 கிலோ; பெரியது 8 முதல் 16 அடி, 1,800 கிலோ வரை; மிகப்பெரியது 16 முதல் 32 அடி, 14.5 டன் வரை. ஒவ்வொரு படியிலும் நீளம் இரட்டிப்பதும், எடை ஏறத்தாழ எட்டு மடங்காவதும் உங்களுக்கே தெரியும். நான்கு கால் விலங்குகளுக்கு இந்த நீளம் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரைதான். வாலைச் சேர்த்து அளந்தால் ஒரு படி தவறிப்போகும்.

கேள்வி: நான் ஒரு டிராகனை உருவாக்குகிறேன். தலை முதல் வால் நுனி வரை 15 மீட்டர் என்று முடிவுசெய்துவிட்டேன். எடையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைப்போன்ற விலங்கு உலகில் இல்லையே?
— வாசகர், நாமக்கல்

பதில்: நாமக்கல்லிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் விடை மாட்டுச்சந்தையில் இருக்கிறது. எடைமேடை இல்லாத இடத்தில் கால்நடை மருத்துவர்கள் ஒரு நாடாவை வைத்துக்கொண்டு மாட்டின் எடையைக் கணிப்பார்கள். முன்னங்கால்களுக்குப் பின்னே மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 64 அங்குலமும் நீளம் 52 அங்குலமும் உள்ள பசு ஏறத்தாழ 320 கிலோ.

இந்தச் சூத்திரம் ஏன் பலிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மாட்டை விட்டு டிராகனுக்குப் போய்விடலாம். விலங்கின் உடலை ஓர் உருளையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவும் நீளமும் தெரிந்தால் உருளையின் கன அளவு தெரியும். உயிருள்ள உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியே என்பதால் ஒரு கன மீட்டர் ஒரு டன். அப்படிப் பார்த்தால் சென்டிமீட்டர் அளவுகளை 12,570 ஆல் வகுக்க வேண்டும். மருத்துவரின் சூத்திரத்தைச் சென்டிமீட்டருக்கு மாற்றினால் வகுக்கும் எண் 10,840 என்று வருகிறது. சிறிய எண்ணால் வகுப்பதால் விடை சுமார் 16 விழுக்காடு கூடும்; அந்தக் கூடுதல்தான் உருளையில் அடங்காத தலைக்கும் கால்களுக்கும் உரிய பங்கு.

இப்போது உங்கள் டிராகன். 15 மீட்டரில் தலை 1 மீட்டர், கழுத்து 3 மீட்டர், உடல் 5 மீட்டர், வால் 6 மீட்டர் என்று பிரித்துக்கொள்கிறேன். மார்புச் சுற்றளவு 4 மீட்டர் இருக்கட்டும். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு கட்டிப்பிடித்தாலும் கைகள் சேராத பருமன். உடலுக்கு 400 ஐ 400 ஆல் பெருக்கி, 500 ஆல் மறுபடி பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் 7,400 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தலையும் கால்களும் இதிலேயே அடங்கிவிட்டன. கழுத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால் உருளைக் கணக்கில் முக்கால் டன். வால் கூம்பாகக் குறுகிப்போவதால் அதன் கன அளவு உருளையில் மூன்றில் ஒரு பங்குதான், அடியில் 2.5 மீட்டர் சுற்றளவுள்ள 6 மீட்டர் வால் 1 டன்னுக்கு மேல் போகாது. இதுவரை 9 டன்னுக்குச் சற்று மேல். இறக்கைகளுக்கும் அவற்றை அசைக்கும் தசைக்கும் ஏறத்தாழ ஒரு டன் சேர்த்து, மொத்தம் 10 டன் என்று எழுதிக்கொள்ளுங்கள். 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசரஸ் ஏறத்தாழ 8 டன் இருந்தது என்பதால் இந்த எண் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. வாலைத் தவிர்த்த நீளம் 9 மீட்டர், அதாவது 30 அடி என்பதால் முன் சொன்ன பட்டியலில் "மிகப்பெரியது" என்ற வரிசையிலும் இது பொருந்தி உட்காருகிறது.

வாலையும் கழுத்தையும் நீட்டுவதால் எடை அதிகம் ஏறாது, மார்பைச் சற்றுப் பெருக்கினாலோ மளமளவென்று ஏறிவிடும் என்பதை இந்தக் கணக்கிலிருந்து கற்றுக்கொள்ளலாம். பாம்பு வடிவங்களில் இதை மறந்துவிடுகிறோம். கொலம்பியாவில் புதைபடிவமாகக் கிடைத்து 2009 இல் அறிவிக்கப்பட்ட டைட்டனோபோவா ஏறத்தாழ 13 மீட்டர் நீளம், 1,135 கிலோ எடை என்று மதிப்பிடப்பட்டது. அந்த எடையை நீளத்தால் வகுத்துப் பாருங்கள்: சராசரிக் குறுக்களவு 33 சென்டிமீட்டர் அளவில்தான் வருகிறது. உலகம் கண்ட மிகப்பெரிய பாம்புகளில் ஒன்றே ஒரு தென்னை மரத்தின் பருமன். ஆட்டத்தில் வரும் பாம்பு குதிரையை விழுங்க வேண்டும் என்றால் அது இதைவிடவும் பெரியதாக இருந்தாக வேண்டும்; அப்படியானால் எவ்வளவு பெரிது என்பதை நீங்கள் முடிவுசெய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: அந்த டிராகன் பறக்குமா? என்ன தின்னும்?
— அதே வாசகர், மற்றொரு கடிதத்தில்

பதில்: உடலின் வலுவால் மட்டும் பறக்காது. இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை, நம் கானமயிலின் உறவான ஆப்பிரிக்கக் கோரி பஸ்டர்டைப் போன்றவை, 18 கிலோ அளவோடு நின்றுவிடுகின்றன. அழிந்துபோன பறக்கும் ஊர்வனவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான குவெட்சல்கோட்லஸுக்கு இறக்கை விரிப்பு 10 முதல் 11 மீட்டர், எடை 200 முதல் 250 கிலோ என்று கணிக்கிறார்கள். அதை உருவம் மாறாமல் 10 டன்னுக்கு வளர்த்தால் இறக்கை விரிப்பு 36 மீட்டராகும். அப்போதும் எடை வளர்ந்த அளவுக்கு இறக்கையின் பரப்பு வளர்ந்திருக்காது என்பதால், அது காற்றில் நிற்க ஏறக்குறைய இரு மடங்கு வேகம் தேவைப்படும். இறக்கையடித்து எழுவதற்கான தசைவலுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே டிராகன் பறப்பது மந்திரத்தால்தான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் அந்த மந்திரம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் வரையறை இது: மந்திரம் அதைக் காற்றில் தாங்கும், தரையிலிருந்து தூக்கிவிடாது. ஆகவே என் டிராகன்கள் மலைமுகட்டில்தான் குடியிருக்கும்; சமவெளியில் இறக்கிவிட்டால் ஓடி மேடேறாமல் எழ முடியாது. ஆட்டக்காரர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்து, ஆட்டு மந்தையை ஒரு பள்ளத்தாக்கின் நடுவே கட்டிவைத்து டிராகனைக் கீழே வரவழைத்த நாளை இன்னமும் மறக்கவில்லை.

உணவைப் பொறுத்தவரை, எடை கூடும் அதே அளவுக்குப் பசி கூடுவதில்லை. 1932 இல் மாக்ஸ் கிளைபர் கண்டறிந்த விதிப்படி எடை 50 மடங்கானால் உணவுத் தேவை 19 மடங்கு அளவில்தான் ஆகும். 200 கிலோ புலிக்கு ஆண்டுக்கு 50 மான் அளவு இரை வேண்டும் என்பது காட்டுயிர் ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 10 டன் டிராகன் புலியைப் போல் வெப்ப இரத்த விலங்கானால் அதற்கு ஆண்டுக்கு 950 மான்கள் தேவை. ஒரு மாவட்டத்தின் காடு காலியாகிவிடும். அதுவே முதலையையும் கொமோடோ உடும்பையும் போலக் குளிர் இரத்த விலங்கானால் பத்தில் ஒரு பங்கு போதும்; ஆறு மானுக்கு ஒரு மாடு என்று கொண்டால் ஆண்டுக்குப் பதினாறு மாடுகள். மாதம் ஒன்றோ இரண்டோ மாட்டை இழந்துகொண்டு ஒரு சிற்றூர் எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் டிராகனோடு வாழ்ந்துவிடும். அந்த மாடுகளை யார் வீட்டுத் தொழுவத்திலிருந்து எடுப்பது என்ற சண்டையிலேயே உங்களுக்கு ஒரு முழு ஆட்டம் கிடைக்கும்.

கேள்வி: கல்லாலும் இரும்பாலும் ஆன, மந்திரத்தால் நடமாடும் சிலைகளான கோலெம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: பொருளின் அடர்த்தியால் பெருக்கிக்கொண்டால் பொருந்தும். 9 அடிக் கல் கோலெம் சதையாக இருந்தால் 270 கிலோ, கருங்கல்லுக்கு 2.7 ஆல் பெருக்க 730 கிலோ. புத்தகம் 2,000 பவுண்டு, 907 கிலோ என்கிறது. சற்றுத் தடித்த சிலை என்று கொண்டால் சரியாகிவிடும். 12 அடி இரும்புக் கோலெமில்தான் எனக்கு மிகவும் பிடித்த விடை இருக்கிறது. முழுவதும் இரும்பானால் 640 கிலோவை 7.87 ஆல் பெருக்கி 5 டன் வர வேண்டும். புத்தகம் தருவது 5,000 பவுண்டு, 2,270 கிலோ மட்டுமே, பாதிகூட இல்லை. அப்படியானால் அது உள்ளே கூடாக இருந்தாக வேண்டும். மனித உடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். இரு மடங்கு உயர உருவத்துக்கு அது 8 சதுர மீட்டர். 2,270 கிலோ இரும்பை அதன் மீது பரப்பினால் தகட்டின் தடிமன் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே ஒரு மனிதர் ஒளிந்துகொள்ளப் போதுமான இடம் இருக்கிறது. ஆட்டக்காரர்களில் ஒருவர் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறேன் என்று சொன்னால், மணியோசை கேட்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

தேக்கு மரக் கோலெம் தண்ணீரில் மிதக்கும். அதைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தப்பிவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு முன்கூட்டியே இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஓர் அடி உயரத் தேவதைக்கு எவ்வளவு எடை?
— வாசகி, புதுச்சேரி

பதில்: 370 கிராம். நம் வீட்டுக் கூரையில் உட்காரும் காக்கையைவிடச் சற்றுக் கூட. ஆகவே இறக்கையும் குறைந்தது காக்கையின் இறக்கை அளவுக்கு, விரித்தால் முக்கால் மீட்டராவது இருக்க வேண்டும்; தட்டான் இறக்கை ஒட்டினால் போதாது. அத்துடன், இத்தனை சிறிய உடல் உயரத்திலிருந்து விழுந்தாலும் காற்றின் தடையால் மெதுவாகவே விழும். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் 1964 இல் மறைந்த உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், உடலளவைப் பற்றி 1926 இல் எழுதியபோது இந்த வேறுபாட்டைத்தான் சுண்டெலியையும் குதிரையையும் வைத்து விளக்கினார். விழுந்தால் ஏற்படும் சேதத்தை ஆட்ட விதி எல்லா உடல்களுக்கும் ஒரே அளவாக வைத்திருக்கிறது. தேவதைகளுக்கு அதைத் தளர்த்திவிடுங்கள் என்பது என் கருத்து.

கேள்வி: யாளியை எங்கள் ஆட்டத்தில் கொண்டுவர விரும்புகிறோம். மதுரைப் புது மண்டபத்துத் தூண்களைப் பார்த்தோம். சிற்பத்தில் யானைகூட யாளியின் காலடியில் சிறு குட்டி அளவுக்குத்தான் தெரிகிறது. அந்த விகிதத்தையே வைத்துக்கொள்ளலாமா?
— நான்கு நண்பர்கள், மதுரை

பதில்: அந்த விகிதத்தை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று முதலில் பார்த்துவிடுவோம். யானை யாளியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், 4 டன் எடையுள்ள நம் ஆண் யானையை 27 ஆல் பெருக்க, யாளி 108 டன். தரையில் நடந்த உயிர்களில் மிகப் பெரியவை என்று கருதப்படும் தென் அமெரிக்க டைனோசர்களே 70 டன் அளவில்தான் மதிப்பிடப்படுகின்றன. பூனையைப் போல் பாயும் உடலுக்கு 108 டன் கொடுத்தால், அதன் கால்கள் அந்தத் தூண்களைவிடத் தடித்தாக வேண்டும். தூணின் நீளத்துக்கேற்ப யாளியை உயர்த்தி, எஞ்சிய இடத்தில் யானையைச் சுருக்கி அமைப்பது சிற்பியின் மரபு. யாளியின் வலிமையைச் சொல்லவே அவர் அதைச் செய்தார், அளவைச் சொல்ல அல்ல.

சங்கப் பாடல்கள் வேறொரு வழி காட்டுகின்றன. அங்கே ஆளி என்பது யானைகள் அஞ்சும் விலங்கு. யானையைக் கொல்ல ஒரு விலங்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டால் விடை வியப்பானது. 200 கிலோ புலி தனியாகவே 800 கிலோ காட்டெருமையை வீழ்த்தியிருக்கிறது. இரையின் எடை, வேட்டையாடும் விலங்கின் எடையைப் போல் நான்கு மடங்கு. அதே விகிதத்தில் 4 டன் யானையை வீழ்த்த 1 டன் யாளி போதும். 190 கிலோ சிங்கத்தை 1 டன்னுக்கு வளர்த்தால் தோள் உயரம் 2.1 மீட்டர் வரும். நீங்கள் எடுத்துக்கொள்வது துதிக்கையும் தந்தமும் உடைய யானை யாளி என்றால், அந்தத் தலையைச் சுமக்கக் கழுத்தும் முன்னங்கால்களும் தடிக்க வேண்டும் என்பதற்காக அரை டன் கூட்டி, ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிம்ம யாளிக்கு அந்த அரை டன் தேவையில்லை. இதுவரை வாழ்ந்த பூனைக் குடும்ப விலங்குகளில் மிகப் பெரியது 400 கிலோ அளவில் இருந்திருக்கும் என்பதை நினைத்தால், ஒன்றரை டன் என்பது அச்சமூட்டும் எடைதான்.

முன்பு சொன்ன பட்டியலில் இந்த யாளி "பெரியது" என்ற வரிசையில் வரும். யானை அதற்கு அடுத்த வரிசை. தான் கொல்லும் யானையைவிட அது உயரத்தில் குறைந்தது. பத்து அடி அகலமுள்ள திருச்சுற்றில் அதனால் திரும்ப முடியும், யானையால் நுழைய முடியாத திட்டிவாசல் வழியாகத் தலையைக் குனிந்து வர முடியும். உங்கள் ஆட்டக்காரர்கள் புது மண்டபத்துத் தூண்களைப் பார்த்தவர்கள் என்பதால், வானளாவிய ஒன்றை எதிர்பார்த்துக் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் அவர்களுக்கு யாளியைக் காட்ட வேண்டாம். முதுகெலும்பு முறிந்து கிடக்கும் ஒரு களிற்றையும், அதன் அருகே ஈர மண்ணில் யானையின் தடத்தைவிடச் சிறியதாகவும், ஆனால் அதைவிட ஆழமாகவும் பதிந்திருக்கும் ஒரு பாதத் தடத்தையும் மட்டும் காட்டுங்கள்.